வீட்டுப் பட்டறைக்கு மலிவான வி.எஃப்.டி.: முதலில் மோட்டரின் தகட்டைப் படியுங்கள்

பெஞ்ச் ட்ரில், மர லேத், பெல்ட் சாண்டர் என்று வீட்டுக் கொட்டிலில் மெசின் வைத்திருப்பவர்கள் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நினைத்தவுடன் இணையத்தில் வி.எஃப்.டி.யின் விலையைத் தேடத் தொடங்குகிறார்கள். வி.எஃப்.டி. அல்லது ட்ரைவ் என்பது மோட்டருக்குப் போகும் மின்சாரத்தின் ஹேர்ட்ஸை (விநாடிக்கு எத்தனை அலை என்பதை) மாற்றி வேகத்தை மாற்றும் பெட்டி. முதலில் போக வேண்டிய இடம் மோட்டரின் பெயர்த்தகடு. எந்த ட்ரைவ் பொருந்தும், எவ்வளவு செலவாகும், ட்ரைவ் போடவே முடியுமா என்பதெல்லாம் அந்தத் தகட்டில் இருக்கும் நாலைந்து எண்களில் தங்கியிருக்கிறது. இதைப் பார்க்காமல் வாங்கிய ட்ரைவ்கள்தான் பெரும்பாலும் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன.

இலங்கையில் நமது வீடுகளில் ஓடும் மெசின்களில் பெரும்பாலானவை சிங்கிள் பேஸ் மோட்டர் உள்ளவை. மாட்டின் திமில் போல மோட்டரின் முதுகில் ஒரு கப்பாசிற்றர் டப்பா இருந்தால் அது இந்த வகைதான். இதற்கு வி.எஃப்.டி. சரிவராது. உள்ளே ஓடுவதற்கு ஒரு சுற்று (கம்பிக் கொயில்), ஸ்டார்ட் எடுப்பதற்கு ஒரு சுற்று என்று இரண்டு இருக்கின்றன. மோட்டர் முழு வேகத்தின் முக்கால் பங்கை எட்டியதும் ஒரு மையவிலக்கு சுவிச் ஸ்டார்ட் சுற்றைக் கழற்றிவிடும். வேகத்தைக் குறைத்தால் அதே சுவிச் மறுபடியும் மூடிக்கொள்ளும். சில விநாடி மட்டும் தாங்குவதற்காகச் சுற்றப்பட்ட மெல்லிய கம்பியில் தொடர்ந்து மின் பாய்ந்து, வார்னிஷ் மணக்கத் தொடங்கும். மின்விசிறி ரெகுலேற்றரைப் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அது வோல்ற்றை மட்டும் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. வோல்ற் பாதியானால் முறுக்குவிசை கால்வாசியாகிவிடும். மோட்டர் முனகிக்கொண்டு சூடாகும், அவ்வளவுதான். சிங்கிள் பேஸ் வெளியீடு உள்ள ட்ரைவ் என்று விற்பவை, கப்பாசிற்றர் நிரந்தரமாகத் தொடுத்திருக்கும் விசிறி, பம்ப் மோட்டர்களுக்கானவை. ட்ரில்லுக்கும் லேத்துக்கும் அவற்றை வாங்காதீர்கள்.

ஆகவே வேகக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் மோட்டரையும் மாற்ற வேண்டும். பாரமான வேலைக்கு த்ரீ பேஸ் மோட்டரும் வி.எஃப்.டி.யும். வீட்டுக்கு த்ரீ பேஸ் இணைப்புத் தேவையில்லை. 230 வோல்ற் சிங்கிள் பேஸை வாங்கி 230 வோல்ற் த்ரீ பேஸாகக் கொடுக்கும் ட்ரைவ்கள் 2.2 கிலோவாற் வரை தாராளமாகக் கிடைக்கின்றன. சின்ன மெசினுக்கு தையல் மெசின் சேர்வோ மோட்டர் போதும். ரவுட்டர், கிரைண்டர் போன்ற கார்பன் பிரஷ் மோட்டர்களுக்கு இரண்டுமே வேண்டாம், ஒரு ட்ரையாக் ரெகுலேற்றர் போதும். ஆனால் மலிவான போர்டில் அச்சிட்டிருக்கும் 4000 வாற் என்ற கணக்கை நம்பாமல் அதன் கால்வாசியை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரெட்மில் டிசி மோட்டரும் நல்ல மோட்டர்தான், ஆனால் இங்கே கைக்கு வருவது அரிது.

தையல் மெசின் சேர்வோ

இதைப் பலர் கவனிப்பதில்லை. நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய இருப்பதால், பழைய கிளச் மோட்டருக்குப் பதிலாகப் பூட்டும் 550 வாற், 750 வாற் சேர்வோ மோட்டர்களைத் தையல் மெசின் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டு வாங்கலாம். மோட்டர், கொன்ட்ரோல் பெட்டி, வேகம் மாற்றும் பொத்தான் எல்லாம் ஒன்றாகவே வரும், விலையும் ட்ரைவும் மோட்டரும் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவு. மெசின் மேசைக்கு அடியில் தொங்கவிடுவதற்கான மூன்று துளைத் தாங்கியை ஒரு ஆங்கிள் இரும்பில் பூட்டிவிட்டால் சாண்டர், சின்ன பான்ட் சோ, 10 அங்குலத்துக்கு உட்பட்ட மர லேத் எல்லாவற்றுக்கும் பாவிக்கலாம். காலால் மிதிக்கும் நெம்புகோலைக் கீழே இழுத்து நிறுத்தி, வேகத்தைப் பொத்தானால் மாற்ற வேண்டும். ஊசி நிலை சென்சர் இல்லாமல் ஓடுவதற்குரிய மாற்றத்தை மெனுவில் செய்யாவிட்டால் சில மாடல்கள் பிழைக்குறி காட்டி நிற்கும். 550 வாற் என்பது தைக்கும்போது விட்டு விட்டு எடுக்கும் வலு என்பதையும் மனதில் வையுங்கள். கிண்ணம் ஒன்றைத் தொடர்ந்து அரை மணி நேரம் கடைந்தால் மோட்டர் தொட முடியாத சூட்டுக்குப் போகும். நெம்புகோலைக் கட்டிவைத்த நிலையில் கரண்ட் போய் வந்தால் மோட்டர் தானாக ஓடுகிறதா என்று பெல்ட் பூட்டுவதற்கு முன்பே சோதியுங்கள். ஓடினால் வெளியே ஒரு நோ-வோல்ற் சுவிச் (கரண்ட் போனதும் விழுந்து, மறுபடி அழுத்தும்வரை கரண்ட் விடாத சுவிச்) கட்டாயம்.

தகட்டில் என்ன பார்ப்பது

த்ரீ பேஸ் மோட்டருக்கு வருவோம். பழைய அரைக்கும் மில், அரிசி ஆலை, மரக்காலை போன்ற இடங்களில் கழற்றிய மோட்டர்கள் பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். தகட்டில் ‘டெல்டா/ஸ்டார் 230/400 வோல்ற்’ என்று இருந்தால் எடுக்கலாம். டெல்டா, ஸ்டார் என்பவை உள்ளே இருக்கும் மூன்று கொயில்களை இணைக்கும் இரண்டு முறைகள். 0.75 கிலோவாற் மோட்டரில் அதற்கு அருகே 3.3/1.9 அம்பியர் போல இரண்டு எண் இருக்கும். பெரிய எண் டெல்டாவுக்குரியது, ட்ரைவுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும்.

மூடியைத் திறந்தால் ஆறு போல்ட். மேல் வரிசையில் யு1, வி1, டபிள்யு1. கீழ் வரிசையில் டபிள்யு2, யு2, வி2. கீழ் வரிசை மூன்றையும் தகட்டுத் துண்டு குறுக்காக இணைத்திருந்தால் அது ஸ்டார், 400 வோல்ற் இணைப்பு. அந்தத் துண்டுகளைக் கழற்றி மேலும் கீழுமாக மூன்று நெடுக்குத் துண்டாகப் போட்டால் டெல்டா, 230 வோல்ற். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு ‘ட்ரைவில் பலமில்லை’ என்று சொல்பவர்கள் கன பேர். ஸ்டாரில் விட்டால் 230 வோல்ற் ட்ரைவால் சுமார் 29 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் முழு முறுக்கு கொடுக்க முடியும். அதற்கு மேலே மோட்டர் சோர்ந்துவிடும்.

‘400/690’ என்று இருப்பவை, பெரும்பாலும் 4 கிலோவாற்றும் அதற்கு மேலும், நமக்கு உதவாது. இந்திய மோட்டர்கள் சிலவற்றில் 415 வோல்ற் என்று மட்டும் எழுதி மூன்றே வயர் வெளியே வரும். ஸ்டார் முடிச்சு உள்ளே கட்டியிருக்கும். கொயில் சுற்றுபவரிடம் கொடுத்தால் கட்டை அவிழ்த்து முடிச்சைப் பிரித்து ஆறு வயராக வெளியே எடுத்துத் தருவார். பழைய கொயில் மொறுமொறுத்துப் போயிருந்தால் முயலவே வேண்டாம், வார்னிஷ் உதிர்ந்துவிடும். இருக்கிற சிங்கிள் பேஸ் மோட்டரையே த்ரீ பேஸாகச் சுற்றுவிக்கவும் முடியும். ஸ்டேட்டரில் 24 அல்லது 36 பள்ளம் இருந்தால் நாலு போல் (நான்கு காந்த முனை) சுற்று ஒழுங்காக அமரும். மெசினின் தாங்கியையும் கப்பியையும் மாற்றத் தேவையில்லாதபடியால், பழைய பெஞ்ச் ட்ரில்லுக்கு இதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். 230 வோல்ற் டெல்டாவுக்குச் சுற்றச் சொல்லி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள்.

வேகம் நிமிடத்துக்கு 1400, 1440 சுற்று என்று இருக்கும் நாலு போல் மோட்டரைத் தேடுங்கள். 2800 வேக மோட்டரை 50 ஹேர்ட்ஸுக்கு மேலே தள்ள இடம் குறைவு.

ட்ரைவின் அளவு

விளம்பரத்தில் உள்ள கிலோவாற்றைப் பார்க்காமல் வெளியீட்டு அம்பியரைப் பாருங்கள். அது மோட்டர் தகட்டின் டெல்டா அம்பியரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 0.75 கிலோவாற் ட்ரைவ் சுமார் 4 அம்பியர், 1.5 கிலோவாற் சுமார் 7, 2.2 கிலோவாற் சுமார் 10 கொடுக்கும். பெயர் தெரியாத மலிவு ட்ரைவ் என்றால் ஒரு படி பெரிதாக எடுங்கள். நல்ல பெயர் என்றால் சரியான அளவே போதும்.

உள்ளீட்டு அம்பியரைப் பலர் மறந்துபோகிறார்கள். ட்ரைவ் கரண்டை அலையின் உச்சியில் மட்டும் இழுப்பதால் 0.75 கிலோவாற்றே முழுப் பாரத்தில் 8, 9 அம்பியர் எடுக்கும். 1.5 கிலோவாற் 15 அளவுக்குப் போகும், 2.2 கிலோவாற் 20ஐத் தாண்டும். 13 அம்பியர் பிளக்கில் பூட்டக்கூடியது 0.75 மட்டும்தான். அதற்கு மேலே பிரேக்கர் பெட்டியிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும், 4 சதுர மில்லிமீற்றர் வயர், 20 முதல் 32 அம்பியர் பிரேக்கர் என்று. வீட்டு இணைப்பே 30 அம்பியர் என்றால், 2.2 கிலோவாற் லேத்தையும் தண்ணீர் பம்பையும் ஒரே நேரத்தில் ஓட்டும் யோசனையை விடுங்கள்.

எந்த ஆக்கம்? டெல்டா கம்பனியின் எம்.எஸ்.300, எம்.இ.300, ஷ்னைடர் ஏ.டி.வி.12, டெக்கோ எல்.510, இன்விட் ஜி.டி.10 இவை எல்லாவற்றிலும் சிங்கிள் பேஸ் 230 வோல்ற் மாடல் உண்டு. ஏ.டி.வி.310 மலிவாகக் கண்ணில் படும், ஆனால் அது 400 வோல்ற் த்ரீ பேஸ் உள்ளீட்டுக்கு மட்டுமானது. சீன ஹுவான்யாங் மிக மலிவு. சாண்டருக்கும் ட்ரில்லுக்கும் அது போதும். குறைந்த வேகத்திலும் கத்தி பதியும்போது வேகம் விழாமல் நிற்க வேண்டிய லேத்துக்கு சென்சர்லெஸ் வெக்டர் (பாரத்தைக் கணித்து முறுக்கைச் சரிசெய்யும் முறை) உள்ள ட்ரைவுக்குக் காசைப் போடுங்கள், வித்தியாசம் முதல் வெட்டிலேயே கையில் தெரியும். பழைய ட்ரைவ் வாங்கினால், வருடக்கணக்கில் அலுமாரியில் கிடந்ததை நேரே 230 வோல்ற்றில் பூட்டாதீர்கள். உள்ளே உள்ள எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர்கள் தளர்ந்திருக்கும். 100 வாற் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, எரிந்துகொண்டே இருந்தால் ட்ரைவ் போய்விட்டது.

எர்த்தும் ட்ரிப் சுவிச்சும்

யாழ்ப்பாணத்தில் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பி. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் செம்மண்ணில் கம்பியை அடித்தால் சில அடியில் சுண்ணாம்புக் கல்லில் முட்டி நிற்கும். கரையோர மணலில் கம்பி சுலபமாக இறங்கும், ஆனால் மேல் மணல் காய்ந்தால் எர்த்தும் போய்விடும். மாரியில் நன்றாக இருக்கும் எர்த், ஆவணி வெயிலில் அளந்தால் பல மடங்கு ஏறியிருக்கும். கிணற்றடித் தண்ணீர் போகும் வாழைப்பாத்திப் பக்கம் அடியுங்கள். கல் முட்டினால் இரண்டு மூன்று கம்பிகளை இரண்டு மீற்றர் இடைவெளியில் அடித்துச் செம்புக் கம்பியால் இணையுங்கள்.

ட்ரைவுக்கு இது ஏன் முக்கியம்? ட்ரைவின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிற்றர்கள் எப்போதும் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விட்டுக்கொண்டிருக்கும். எர்த் வயர் எங்காவது கழன்றிருந்தால் அந்தக் கப்பாசிற்றர்கள் மெசினின் உடலை 115 வோல்ற் வரை தூக்கிவிடும். வெறுங்காலோடு மெசினின் சக்கை (பொருளையோ துளைக்கும் அலகையோ பிடிக்கும் தலையை) தொட்டால் சுள்ளென்று இழுக்கும். ட்ரைவ் பூட்டிய மெசினில் இந்தச் சுள்ளென்ற இழுப்பு வந்தால் ட்ரைவைக் குறை சொல்லாமல் எர்த்தைத் தேடுங்கள். மல்டிமீற்றரை ஓம் நிலையில் வைத்து, பிளக்கின் எர்த் கால், ட்ரைவின் எர்த் போல்ட், மோட்டரின் உடல், மெசினின் வார்ப்பு நான்குக்கும் இடையே பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மலிவு ட்ரைவ்களில் எர்த் போல்ட்டுக்கும் உலோக உடலுக்கும் நடுவே பெயின்ற் இருப்பதுண்டு, சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்.

அதே கசிவுதான் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சை விழுத்துவதும். ட்ரைவ் ஓடத் தொடங்கும்போது வீடே இருளுவதால் சிலர் ட்ரிப் சுவிச்சைச் சுற்றி நேரடியாக வயர் போட்டுவிடுகிறார்கள். எர்த் பலவீனமான இடத்தில் உயிரைக் காப்பாற்றுவது அந்தச் சுவிச் ஒன்றுதான், அதைக் கழற்றவே கூடாது. மோட்டர் வயரை 2, 3 மீற்றருக்குள் வையுங்கள். ட்ரைவின் மெனுவில் கரியர் ஹேர்ட்ஸைக் (உள்ளே ட்ரான்சிஸ்ரர்கள் திறந்து மூடும் வேகத்தை) குறையுங்கள். ஃபில்டரைத் துண்டிக்கும் ஜம்பர் இருந்தால் கையேடு சொல்லும் முறையில் எடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கொட்டிலுக்குத் தனி ட்ரிப் சுவிச் போடுங்கள். சாதாரண ஏ.சி. வகை, ட்ரைவிலிருந்து வரும் டிசி கலந்த கசிவைச் சரியாக உணராது. ஏ வகை அல்லது எஃப் வகை கேட்டு வாங்குங்கள். பெட்டி வேலையை உரிமம் உள்ள வயர்மனைக் கொண்டு செய்விப்பது நல்லது.

வயர் போடும்போது

சிங்கிள் பேஸை ஆர், எஸ், டி என்ற முனைகளில் கையேடு சொல்லும் இரண்டில் கொடுங்கள். சில ட்ரைவ்களில் ‘பி’, ‘என்’ என்று இரண்டு முனை இருக்கும். அந்த ‘என்’ நியூட்ரல் அல்ல, உள்ளே இருக்கும் 325 வோல்ற் டிசியின் மைனஸ். அதில் நியூட்ரலைப் பூட்டினால் பட்டாசுச் சத்தத்தோடு கதை முடியும். மெயினை யு, வி, டபிள்யுவில் கொடுத்தாலும் அதே கதிதான். வயர் கழற்றுவதற்கு முன்னர் கரண்டை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து, பிளஸ், மைனஸ் முனைகளை மீற்றரால் பார்த்துவிட்டே தொடுங்கள்.

ட்ரைவுக்கும் மோட்டருக்கும் நடுவே சுவிச், கொன்டாக்டர் எதுவும் கூடாது. ஓடும்போது அதைத் திறந்து மூடினால் வெளியீட்டு ட்ரான்சிஸ்ரர்கள் அடிபடும். ஓட்டுவதும் நிறுத்துவதும் ட்ரைவின் கொன்ட்ரோல் முனைகளால்தான். அதிலும் டொகிள் சுவிச் ஒன்றைப் போட்டுவிட்டால், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது சக் தானாகச் சுழலக்கூடும். அழுத்தினால் விடும் பச்சை, சிவப்புப் பொத்தான் இரண்டை மூன்று வயர் முறையில் பூட்டுங்கள். கரண்ட் வந்தாலும் பச்சையை அழுத்தாமல் ஓடாது.

வேகக் குமிழுக்கு 5 அல்லது 10 கிலோ ஓம் நேர்வகைப் பொற்றென்ஷியோமீற்றர். மூன்று கால்: ஓரம் ஒன்று 10 வோல்ற்றுக்கு, நடு அனலொக் உள்ளீட்டுக்கு, மற்ற ஓரம் பொது முனைக்கு. இந்தக் கடைசி வயர் அறுந்தால் நடுக்காலில் முழு 10 வோல்ற்றும் ஏறி மோட்டர் உச்ச வேகத்துக்குப் பாயும். ஆகவே முறுக்கிவிட்டு டேப் சுற்றாமல் ஈயம் வைத்து ஒட்டி, வயரைப் பெட்டியோடு கட்டுங்கள். ஷீல்ட் வயர் பாவித்து ஷீல்டை ட்ரைவ் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

அளவுகள்

ட்ரைவின் மெனுவில் கொடுக்க வேண்டியவை இவை. ஹுவான்யாங்கை உதாரணமாக எடுத்தால், அதில் ஒவ்வொரு அமைப்புக்கும் ‘பிடி’ என்று தொடங்கும் எண் உண்டு. பிடி013இல் 8 கொடுத்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிடி005 உச்ச ஹேர்ட்ஸ், 75. பிடி004 அடிப்படை ஹேர்ட்ஸ், 50. சுழலி (ஸ்பிண்டில்) மோட்டருக்காக 400 ஹேர்ட்ஸில் அமைத்த ட்ரைவ்களும் விற்கின்றன, அதில் பிடி004ஐ மாற்றாமல் சாதாரண மோட்டரை ஓட்டினால் முறுக்கே இருக்காது. பிடி011 கீழ் எல்லை, 20. பிடி142 மோட்டரின் டெல்டா அம்பியர், பிடி143 போல் எண்ணிக்கை 4. ஓட்டமும் வேகமும் வெளியிலிருந்து வர பிடி001, பிடி002 இரண்டிலும் 1. பிடி072ஐ 75 ஆக்காவிட்டால் குமிழை முழுக்கத் திருகினாலும் 50க்கு மேலே போகாது.

ஏறும் நேரம் 3 விநாடி, இறங்கும் நேரம் 4 விநாடி என்று தொடங்குங்கள். பாரமான சக் உள்ள லேத்தை வேகமாக நிறுத்தினால் மோட்டர் ஜெனறேற்றராகி டிசி வோல்ற்றை ஏற்றும், ட்ரைவ் ஓவர்வோல்ற் காட்டி நின்றுவிடும். நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது பிரேக் றெசிஸ்ரர் போடுங்கள். மலிவு மாடல்கள் சிலவற்றில் முனை மட்டும் இருக்கும், உள்ளே அதற்கான ட்ரான்சிஸ்ரர் பூட்டியிருக்காது. மரை போட்டுத் திருகும் சக் என்றால் சட்டென்று நிறுத்துவதும் எதிர்த்திசையில் ஓட்டுவதும் ஆபத்து, சக் கழன்று வரும்.

கப்பி

ட்ரைவ் வந்ததும் படிக்கப்பியை (பல அளவுப் படிகள் உள்ள கப்பியை) எறிந்துவிடாதீர்கள். 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே முறுக்குவிசை அப்படியே நிற்கும், வலு குறையும். 25 ஹேர்ட்ஸில் ஒரு குதிரைவலு மோட்டர் அரைக் குதிரைதான். 50க்கு மேலே வலு நிற்கும், முறுக்கு குறையும். மோட்டரில் 3 அங்குலம், சுழலியில் 6 அங்குலம் போட்டால் 50இல் 720 சுற்று. 25 முதல் 75 வரை திருகினால் 360 முதல் 1080. இரும்பில் 10 மில்லிமீற்றர் துளைக்குச் சுமார் 800, 12க்கு 660 வேண்டும், இரண்டும் இதற்குள் அடங்கும். இரண்டாவது படியை 5க்கு 4 என்று வைத்தால் 900 முதல் 2700. மரம் கடைய 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 வரை, 2 அங்குலத் தூணுக்கு 3000 அளவில். பனை வைரம் கடைபவர்கள் நார் பிளந்து வருவதால் வேகத்தைக் கூட்டி மெல்லிய வெட்டாக எடுப்பது நல்லது. 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் வேலை செய்தால் மோட்டரின் சொந்த விசிறி காற்றுத் தராது. பின்னால் ஒரு 120 மில்லிமீற்றர் விசிறியைத் தனியாகப் பூட்டுங்கள்.

ட்ரைவை வைக்கும் இடம்

பெரும்பாலான ட்ரைவ்களுக்கு 40 பாகை வரைதான் முழு வலு. சித்திரை மாதத்தில் தகரக் கொட்டிலின் கூரைக்குக் கீழே அதைத் தாண்டும். கூரையோடு ஒட்டாமல் நெஞ்சளவு உயரத்தில், நிமிர்த்தி, மேலும் கீழும் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பூட்டுங்கள். கிரைண்டர் பொறி பறக்கும் திசையில் வேண்டவே வேண்டாம். இரும்புத் தூளும் கடல் காற்றின் உப்பும் போர்டில் சேர்ந்தால் ஈரமான ஒரு காலையில் ஷோர்ட் ஆகும். உலோகப் பெட்டிக்குள் வைத்து, காற்று நுழையும் துளைக்குப் பஞ்சு ஃபில்டரும் மெல்லிய கம்பி வலையும் போடுங்கள். வலை தூசிக்காக மட்டுமல்ல. ட்ரைவின் இளஞ்சூட்டைத் தேடிப் பல்லி உள்ளே போகும். வால் ஒரு முனையிலும் தலை மற்ற முனையிலும் பட்டால் பல்லியும் போகும் போர்டும் போகும். எறும்பு புற்று வைப்பதும் இதே இடத்தில்தான். வயர் நுழையும் துளைகளுக்கு ரப்பர் கிளாண்ட் போட்டு மூடுங்கள்.

முதல் ஓட்டத்தைப் பெல்ட் இல்லாமல் செய்யுங்கள். குமிழை அடியில் வைத்து 20 ஹேர்ட்ஸில் தொடங்கி, திசை பிழை என்றால் கரண்டை நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, யு, வி இரண்டையும் மாற்றிப் பூட்டுங்கள். பிறகு 50இல் கால் மணி நேரம் விட்டு, திரையில் அம்பியரைப் பாருங்கள். பாரமில்லாத மோட்டர் தகட்டு அளவின் பாதியைச் சுற்றி எடுத்தால் சரி. தகட்டு அளவையே எடுத்தால் அடிப்படை ஹேர்ட்ஸோ மோட்டர் வோல்ற்றோ பிழையாகக் கொடுத்திருக்கிறீர்கள். உடனே நிறுத்தி அந்த இரண்டையும் மறுபடி பாருங்கள்.